அடையாறு வாசலில் முதல் போணி

நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு போனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் பாடம். ஆளுக்கேற்றபடி திட்டம் போடுகிறேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். ஆனால் அந்த ஆட்களில் ஒருவரைக்கூட வேலை செய்யும் இடத்தில் பார்த்ததில்லை. போன மாதம் என் சென்னை மாணவி ஸ்டெல்லாக்கா, "சனிக்கெழம எனக்குப் பரீட்ச மாதிரி மிஸ், கூட வந்து நிப்பீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். என்னைப் போல வீட்டிலிருந்தே பாடம் எடுப்பவர்கள் இப்படிக் கிளம்ப நினைத்தால் உதவட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

ஸ்டெல்லாக்கா சாந்தோமில் மீன் விற்கிறார். அடையாறில் நூற்றிருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் வாசலில் ஒரே ஒரு சனிக்கிழமை விற்றுப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தது. குடியிருப்பவர்களுக்குப் பிடித்தால் வாராவாரம் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் பழையபடி தெருத் தெருவாகக் கூடை சுமக்க வேண்டும், முழங்கால் வலியோடு. சிக்கல் என்னவென்றால், அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் வராது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஏறினேன். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு, 155 ரூபாய், ஐந்தரை மணி நேரம். மயிலாப்பூரில் சித்தி பெண் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, மூன்றரை மணிக்குத் தி. நகருக்குக் கிளம்பினேன். சுமார் நாலரை கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ் எண்ணை எழுதவில்லை, ஏனென்றால் மெட்ரோ வேலையால் வழி மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

அங்கே இருப்பவர் ரஃபீக் பாய், பிளவுஸ் தைப்பவர், ராயப்பேட்டைக்காரர், என் இன்னொரு மாணவர். அவருக்கு நான் போட்டிருந்த முதல் நான்கு பாடங்களும் வரவேற்பு, நலம் விசாரிப்பு, நிறங்களின் பெயர், கிழமைகள். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கையாளர்கள் துணியை நீட்டினார்கள், மாதிரி பிளவுஸைக் காட்டினார்கள், போய்விட்டார்கள். பேச்சே இல்லை! பாய் சிரித்தார். "சந்தோசமா வர்றவங்களுக்கு கைய காட்டினா போதும் மேடம். டைட்டா கீதுன்னு கோவமா வர்றாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ் வோணும்."

நான்கு பாடங்களையும் அங்கேயே கோடு போட்டு அடித்தேன். ஸ்டெல்லாக்காவுக்குக் கொடுத்ததிலும் இப்படி ஏதாவது கோட்டை விட்டிருப்பேனோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அவர் ஒரு மாதமாக மனப்பாடம் செய்துவிட்டார். கடைசி நேரத்தில் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை 6.10. சாந்தோமிலிருந்து அடையாறுக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 180 ரூபாய். டிரைவர் மீன் டப்பைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இன்னாக்கா, தண்ணி சீட்ல ஊத்திச்சின்னா நாள் பூரா சவாரி ஏறாது."

"ரெண்டு கவர் போட்டு கட்டிக்கீறேன் நைனா. ஒரு சொட்டு ஒழுவாது, நீ வண்டிய எடு."

வழியெல்லாம் ஸ்டெல்லாக்கா ஒப்பித்துக்கொண்டே வந்தார். குட் மார்னிங் மேடம். வாட் வுட் யூ லைக்? விலை சொல்வது. வாங்காமல் போகிறவர்களுக்கு, தேங்க்யூ, ப்ளீஸ் கம் அகெய்ன். அச்சுப் பிசகவில்லை. எனக்கு அப்படி ஒரு பூரிப்பு.

6.50க்குக் கடை விரித்தாயிற்று. சங்கரா, நெத்திலி, கொஞ்சம் வவ்வால். நான் வாசல் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஏழு மணிக்கு முதல் ஆள் வந்தார், நடைப்பயிற்சி முடித்த ஒரு வடநாட்டுப் பெண்மணி. சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விலை கேட்டார். கிலோ நானூற்றைம்பது என்று ஸ்டெல்லாக்கா அழகாகச் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். "ப்ளீஸ் கம் அகெய்ன்" என்று நான் தூணுக்குப் பின்னாலிருந்து வாயசைத்தேன்.

ஸ்டெல்லாக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்தே விட்டார்.

"நோ, நோ மேடம்! யூ ஃபர்ஸ்ட் கஸ்டமர். யூ கோ, மை ஃபுல் டே கோ!"

அந்தப் பெண்மணி நின்றார். ஸ்டெல்லாக்கா அவருடைய கையைக் காட்டி, "குட் ஹேண்ட். யூ ஸ்டார்ட், எவ்ரிபடி கம். ஃபோர் ஹண்ட்ரட், ஒன்லி யூ" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் போணியை வெறுங்கையோடு அனுப்புகிற மீன்காரி எந்த ஊரில் இருக்கிறாள்? எங்கள் தெருப் பூக்காரம்மாகூட என்னை அப்படி விட்டதில்லை. அது தெரிந்தும், ஆங்கிலப் பாடத்தில் போணிக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். ஒரு கிலோ வாங்கினார். கொடுத்த நோட்டை ஸ்டெல்லாக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து அதற்கும் விளக்கம் கேட்டார், அது கிடைத்ததும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். பத்து நிமிடத்தில் லிஃப்ட் லிஃப்டாக ஆட்கள் இறங்கினார்கள். எட்டே முக்காலுக்கு டப்பில் ஐஸ் மட்டும்தான். சங்கச் செயலாளரே வந்து, ஆங்கிலத்தில், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வரலாம், முடிந்தால் ஞாயிறும் வாருங்கள் என்றார். "ஓகே சார், ஓகே சார்!" என்றார் ஸ்டெல்லாக்கா. நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், சொல்வதற்கென்ன.

போக நினைப்பவர்களுக்கு: திட்டத்தை எழுதிக்கொண்டு போகாதீர்கள். வெறும் நோட்டோடு போய், அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு நாளில் ஒருவருக்கு மேல் வேண்டாம். மீன்காரர்களிடம் போவதாக இருந்தால் ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும், நல்ல செருப்பு வேண்டாம். தங்கும் செலவு இல்லாமல் எனக்கு இரண்டு நாளும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஸ்டெல்லாக்காவை அழைத்தேன். நோட்டு காலியாக இருந்தது. இந்த வாரம் என்ன படிக்கலாம் என்று அவரையே கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம எனக்கு சர்ச்சுல பூசை கீது மிஸ். சந்தோசத்துல அந்த சாருக்கு ஓகே சொல்லிட்டேன். அவுரு மனசு நோவாம, வர முடியாதுன்னு சொல்லக் கத்துக்குடுங்க."