தோற்றவரின் செலவுக் கணக்கு

ஜெராக்ஸ் இயந்திரம் சூடேறிவிட்டால் ஒரு வாசனை வரும். தாள் வெந்த வாசனை, அதற்கடியில் லேசான கருகல். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவு அறைக்குள் அந்த வாசனையில் நின்றபோது எனக்கு நண்பரின் கடைதான் நினைவுக்கு வந்தது. கிணறு வற்றியது தெரியாமல் ஓடிப் புகைந்த மோட்டார்களை அவரிடம் கொண்டுவந்து போடுவார்கள். எரிந்த காயிலை அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். வார்னிஷ் கருகிய நெடி வண்ணார்பேட்டைத் தெருவில் பாதித் தூரம் வந்து நம்மை வரவேற்கும்.

தேர்தலில் நின்று தோற்ற அவருடைய கணக்குக்குத்தான் நகல் கேட்டிருந்தேன். தேர்தலில் நின்றவர்கள் எல்லோரும் செலவுக் கணக்கை ரசீதுகளோடு ஒப்படைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்; பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் நகலும் கிடைக்கும்.

"எல்லாப் பக்கமுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் ஊழியர்.

"எல்லாம்."

"ஜெயிச்சவரு கணக்கைக் கேட்டு வருவாவ. தோத்த சுயேச்சை கணக்கை ஒருத்தர் கேட்டு இன்னைக்குத்தான் பாக்கேன். நீங்க அவருக்கு எதிர்த்தரப்பா?"

"முன்மொழிஞ்சவன்."

தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். "அப்பொ உங்களுக்குத் தெரியாதது இதுல என்ன இருக்கப் போவுது?"

நகலுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தேன். தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பவரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்தில் நான் ஒருவன். மற்ற ஒன்பது பேரைச் சேர்த்ததும் நான்தான். ராதாபுரம் பக்கம், நண்பரின் சொந்த ஊர். கால்வாயில் தண்ணீர் வரும் வரும் என்று பார்த்திருந்து, பனை தவிர மற்றதெல்லாம் காய்ந்துபோன மண். அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினேன். இவர் நமக்காகப் பேசுவார், நான் பொறுப்பு என்று சொன்னேன். ஒருவர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஊர்க்காரந்தான், நல்லவந்தான். தேர்தல்னா துட்டு வேணுமேவே, யாரு போடுதா?"

"வாயாலதானவே பேசப் போறாரு, அதுக்கு எதுக்குத் துட்டு?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

எங்களிடம் இருந்தது என் ஸ்கூட்டரும் அவருடைய பழைய பைக்கும். கிடைத்த சின்னம் ஜன்னல். துண்டறிக்கையை நான் எழுதினேன். 'பாபநாசத்தில் இறங்கும் தண்ணீருக்குக் கடைசி வயலின் விலாசம் தெரியாதா?' என்று தொடங்கும். வெயிலில் வாய் உலர உலர அதை வாசித்தோம். தேநீர்க் கடைகளில் நாலு பேர் கேட்டால் போதும், எனக்கு நாற்பதாயிரம் பேர் கேட்ட மாதிரி உடம்பு அதிரும். அவர் பேசும்போது கையில் ஒரு கருகிய காயிலைத் தூக்கிக் காட்டுவார். "இந்த ஊரு கெணறு எப்படி இருக்குன்னு அதிகாரியைக் கேக்காதீங்க, என் கடையில வந்து மோந்து பாருங்க" என்பார். அதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அதுதான் தொந்தரவு.

வாக்குப்பதிவன்று மதியம் பாபநாசம் சாலையில் ஒரு பள்ளிக்கூட வாசலில், நண்பரின் பெயர் எழுதிய வாக்குச்சாவடி முகவர் அட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அந்தப் பக்கம் எங்களுக்கு முகவரே கிடையாது.

"வேட்பாளர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டேன்.

"பாத்ததே இல்ல அண்ணாச்சி" என்றார், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி. பொட்டலம் ஒரு பெரிய கட்சியின் வண்டியிலிருந்து இறங்கியது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்தேன். ஆற்றுப் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன், திரும்பினேன். நண்பரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்கு வெளியாகும் வரை பொறுத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்வதும் பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

நகலை வாங்கிக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்கு இறங்கினேன். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காற்று பக்கங்களைப் பிடுங்கியது; முழங்காலில் அமுக்கிக்கொண்டு படித்தேன். ஐந்து கார்கள். ஒவ்வொன்றுக்கும் அனுமதி எண், வாடகை, டீசல், ஓட்டுநர் படி. நாங்கள் கால் வைக்காத ஊர்களில் பந்தல், நாற்காலி, தேநீர். எல்லாவற்றுக்கும் ரசீது. பணம் வந்த வழி: வேட்பாளரின் சொந்தப் பணம். மனுத் தாக்கலின்போது கொடுத்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தில் கையிருப்பு பதினோராயிரம் என்று எழுதியவர் அவர். நான் பக்கத்தில் நின்றேன். என் ஸ்கூட்டர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருடைய பைக்கும் இல்லை. நாங்கள் போன ஊர்களில் ஒன்றுகூட இல்லை.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் என் துண்டறிக்கை இருந்தது. அச்சுச் செலவுக்குச் சான்றாக இணைத்திருந்தார்கள். கடைசி வயலின் விலாசம் கேட்கும் வரிமேல் அலுவலக முத்திரை குத்தியிருந்தது. அந்தக் கட்டு முழுக்கத் தேடினாலும் உண்மையில் நடந்தது என்று சொல்ல அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடந்ததுபோல் நின்றது.

எழுந்தேன். ஈரக் கல்லில் வழுக்கப் பார்த்தது.

கடையில் அவர் என் வீட்டு மோட்டாரைத்தான் மூடிக்கொண்டிருந்தார். போன வாரம் கொடுத்திருந்தேன்.

"என்னவே, நின்னுக்கிட்டே இருக்கீரு? உக்காரும்."

நகல் தாள்களை மேசைமேல் வைத்தேன். எண்ணெய்க் கையோடு முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பவில்லை.

"அஞ்சு காரு யாருக்குவே ஓடுச்சு?"

"உமக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"உம்ம வாயால சொல்லும்."

ஸ்க்ரூ டிரைவரைப் பைய கீழே வைத்தார். "அந்தப் பெரிய கட்சிக்காரங்களுக்கு ஓடுச்சு. அவங்க கணக்குல செலவு வரம்பு தாண்டாம இருக்க என் பேர்ல காரு, என் பேர்ல பூத்துல ஆளு. கணக்கு அவங்களே எழுதிக் கொண்டாந்தாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். டெபாசிட்டு இருபத்தஞ்சாயிரம் கட்டுனதும் அவங்கதான். வேற யாரு கட்டுவா? கடையை வித்தா கட்ட முடியும்? நீரு கூடவே வந்தீரே, துட்டு எங்கனருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீராவே?"

"கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீரு கேக்காம இருந்தது எனக்கு வசதியாப் போச்சு. உமக்கும் வசதிதான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "பேசுனதுல ஒரு வார்த்தை பொய்யாவே? அவங்க எனக்கு எழுதித் தரல. மைக்கைப் புடுங்கல. மோட்டார் கடைக்காரன் பேசணும்னா எவன் காதுல விழும், சொல்லும்."

நடந்தேன். அந்தக் கடைக்குள் நாலு எட்டுக்குமேல் நடக்க இடமில்லை.

"இதைப் புகாராக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீரா?" என்று கேட்டார்.

"அது பொறவு. மொதல்ல அந்த ஒம்போது பேரு. நான் பொறுப்புன்னு சொல்லி வாங்குன கையெழுத்து. அவங்கள்ட்ட சொல்லணும்."

"ஞாயித்துக்கெழம போவோம்."

"போவோம் இல்ல. நீரு போய்ச் சொல்லும். அடுத்த நாள் நான் போவேன். நீரு சொல்லியிருந்தா மன்னிப்பு மட்டும் கேப்பேன். சொல்லலைன்னா எல்லாத்தையும் நானே சொல்லுவேன்."

மோட்டாரின் கடைசி ஸ்க்ரூவை முறுக்கினார். பிறகு தலையை ஆட்டினார். மோட்டாரைத் துணியால் துடைத்து என் பக்கம் தள்ளினார். அதற்கு முன்னால் நான் கொடுத்த எதற்கும் அவர் கூலி வாங்கியதில்லை. அன்றைக்குப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிய பிறகு, பின்னாலிருந்து கேட்டார்.

"ரசீது வேணுமாவே?"

"வேணும்" என்றேன்.