பன்னு தண்ணி குடிச்சிச்சா?

பயமா? இருக்கும்ங்க, ஏன் இல்லாம? ஆனா நீங்க நெனைக்கிற பயம் இல்ல. லாரிக்கும் கரும்பு டிராக்டருக்கும் பயந்தவன் ஸ்கூல் வேன் சாவியையே தொட மாட்டான். எங்க தொழில்ல ரோடு முன்னால இருக்குது, ஆபத்து பூரா பின்னால சீட்ல ஒக்காந்து வருது.

கச்சிராயபாளையத்தைச் சுத்தி இருக்கிற ஊருங்கள்ல புள்ளைங்கள ஏத்திக்கினு போயி கள்ளக்குறிச்சியில ஒரு பள்ளிக்கூடத்துல எறக்கி வுடறதுதான் நமக்கு வேலை. வண்டி சொந்த வண்டி. புள்ளைங்க நாய் வேணும்னு அழுது, மனசு எளகி சரின்னு சொன்ன மகராசங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நீங்களும் என்னை மாதிரி நெஞ்சுல கைய வெச்சிக்கினு நின்னிருப்பீங்க.

மூச்சு வுட்ட பை

யாழினின்னு ஒரு பொண்ணு, மூணாங்கிளாஸ். அதுக்குத் தம்பி கவினு, எல்.கே.ஜி. ரெண்டும் என் வண்டியிலதான் வரும். ஒரு நாளு காலையில பாதி தூரம் போயிருப்போம், பின்னால யாரோ முனகுற சத்தம். எந்தப் புள்ளைக்கு வவுறு வலியோன்னு ஓரங்கட்டித் திரும்பிப் பாத்தேன். புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. யாழினி மடியில இருந்த பை மட்டும் மூச்சு வுடுது. ஏறுது, எறங்குது.

ஜிப்பைத் தொறந்தா, பேக்கரி பன்னு கலர்ல ஒரு நாய்க்குட்டி என்னையே பாக்குது. டிபன் பாக்ஸ் மேல ஒண்ணுக்குப் போயி வெச்சிருக்குது. "இன்னாம்மா இது, புஸ்தகமெல்லாம் எங்க?"ன்னு கேட்டேன். யாழினி ரொம்ப நிதானமா சொல்லிச்சி: "புஸ்தகம் டெய்லி வருது வேன் மாமா, ஒரு நாளு லீவு குடுத்தா இன்னா?"

நாய்க்கு ஒரு ஸ்டாப்பிங்

ரெண்டும் அழுது அடம் புடிச்சதுல நாய் வூட்டுலயே தங்கிடுச்சி, கலரே பேராயிடுச்சி. பன்னு. பைக்குள்ள அடங்காத சைசுக்கு வளந்ததும் தெனம் காலையில வேனுக்குப் பின்னால ஓடி வர ஆரம்பிச்சிச்சி. தார் ரோடு வந்ததும் நின்னு திரும்பிடும். ஒரு நாளு அது நிக்கல. வாய்க்கா பாலத்துக்கிட்ட கண்ணாடியில பாத்தா, எனக்கும் பின்னால வந்த பஸ்ஸுக்கும் நடுவுல நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு ஓடியாருது. பஸ்ஸுக்காரன் அடிச்ச பிரேக்குல ரோடே கத்திச்சி. நாயை வேன்ல தூக்கிப் போட்டு, வந்த வழியே திருப்பி, வூட்டுல வுட்டேன். அன்னிக்கு வண்டி நெறைய புள்ளைங்களுக்கும் பிரேயர் போச்சி.

யாழினியோட அப்பா சேகரு வயக்காட்டுல இருந்து வந்தவரு, அப்பிடியே கொதிச்சிட்டாரு. எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டுங்க. வேணாத நாயை அடிச்சிக் கொல்ல மனசு வராது. சாக்குல போட்டு, வெள்ளிமலை போற ஜீப்ல குடுத்துடுவாங்க. மேல எங்கனா அவுத்து வுட்டுடுவாங்க. பாவமும் ஒட்டாது, நாயும் திரும்பி வராது. அதைத்தான் சேகரு புள்ளைங்கள வெச்சிக்கினே சொன்னாரு: "இது யாரு மேலயாவது பல்லு வெச்சிச்சி, அன்னிக்கே வெள்ளிமலை ஜீப்புதாண்ணே!"

நானும் ஒரு பேரன்ட்டு

ஒரு சனிக்கெழமை பேரன்ட்ஸ் மீட்டிங். அன்னிக்குன்னு பாத்து சேகருக்கு மில்லுல இருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துடுச்சி. ஆர்டர் வந்த அன்னிக்கு வெட்டலைன்னா ஆளுங்க வேற காட்டுக்குப் போயிடுவாங்க, கரும்பு நின்னு காயும். வூட்டுக்காரம்மா லட்சுமி, வெட்டுற ஆளுங்களுக்குச் சோறாக்கணும். "அண்ணே, பெரியப்பான்னு சொல்லி சும்மா ஒக்காந்துட்டு வந்துடுங்க, மிஸ்ஸு சொல்றதுக்கு எல்லாம் சரி சரின்னு சொல்லுங்க"ன்னாரு சேகரு.

நான் படிச்சது ராத்திரி பள்ளிக்கூடத்துல. அங்க பேரன்ட்ஸ் மீட்டிங்லாம் கெடையாது, படிக்க வர்றவனே பேரன்ட்டுதான். அதனால சட்டையை இன் பண்ணிக்கினு போயி ஒக்காந்தேன். கணக்கு சுமாரு, தமிழ் நல்லாருக்குது, பேச்சு ஜாஸ்தின்னு மிஸ்ஸு சொல்லிக்கினே வந்தாங்க. நானும் சரி மிஸ், சரி மிஸ்ஸுன்னு தலையாட்டினேன். அப்புறம் பேனாவ மூடி வெச்சிட்டு என்னை நேராப் பாத்து கேட்டாங்க: "நேத்துல இருந்து இடது கையில எழுதுறா, வலது கையை டெஸ்க் மேலயே வைக்க மாட்டேங்கிறா. வீட்ல ஒருத்தர்கூட பாக்கலையா சார்?"

பென்சில் லஞ்சம்

மத்த புள்ளைங்க அன்னிக்கு அவங்கவங்க அப்பா அம்மாவோட போயிட்டாங்க. வேன்ல நான், யாழினி, கவினு, மூணே பேருதான். "கைய காட்டும்மா"ன்னேன். பாவாடைக்கு அடியில கைய ஒளிச்சிக்கினு, "சும்மா மாமா, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிச்சி. கவினு சீட்டு மேல ஏறி நின்னுக்கினு, "பன்னு கடிச்சதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அக்கா எனக்குப் புது பென்சில் குடுத்துச்சி"ன்னான்.

கைய வெளிய இழுத்துப் பாத்தா, கட்டை வெரலுக்குக் கீழ ரெண்டு பல்லு எறங்கி, சுத்தி வீங்கிக் கெடக்குது. அது மேல பல்லு வெளக்குற பேஸ்ட்டைத் தடவி வெச்சிருக்குது அந்தப் பொண்ணு. வியாழக்கெழமை சாயங்காலம் கறி எலும்பைப் புடுங்கப் போயி கடி வாங்கிக்கினு, வெள்ளிக்கெழமை பூரா வாயத் தொறக்கல. ஸ்கூல் கொழாயடிக்கு இழுத்துக்கினு போயி சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி வுட்டேன். எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அழுதுச்சி, ஆனா அதுக்கு இல்ல: "மாமா, முள்ளு குத்திச்சின்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா பன்னுவ ஜீப்ல ஏத்திடுவாங்க."

கத்தியோட வந்த ஆளு

நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. வழியிலயே சேகருக்கும் லட்சுமிக்கும் போன் போட்டேன். சேகரு எப்பிடி வந்தாருன்னு கேளுங்க. ஒடம்பெல்லாம் கரும்புச் சோவை இலை கீறி ரத்தக் கோடு, தலையில முண்டாசு, கையில வெட்டுக் கத்தி. பதட்டத்துல அதைக் கீழ வெக்கணும்னுகூட மனுசனுக்குத் தோணல. வாசல்ல நின்ன செக்யூரிட்டி ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. "யோவ், கடிச்சது நாயிய்யா, டாக்டரு இல்ல"ன்னு நான் ஓடிப் போயி கத்தியைப் புடுங்கினேன்.

ஊசி போட்டாங்க. கடிச்ச எடத்தைச் சுத்தியும் போட்டாங்க. பொண்ணு பல்லைக் கடிச்சிக்கினு ஒக்காந்திருந்துச்சி, சேகருதான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. டாக்டரம்மா சொன்னாங்க: ஊசியெல்லாம் சொன்ன தேதிக்குத் தவறாம வந்து போடணும். நாயைக் கட்டி வெச்சி, கடிச்ச நாள்ல இருந்து பத்து நாளு கண்ணுலயே வெச்சிப் பாக்கணும். நாய் சோறு தண்ணி எடுத்துக்கினு நல்லா இருந்துச்சின்னா நமக்கும் பயமில்ல. அது எங்கியும் போயிடக்கூடாது.

சேகரு ஒடனே லட்சுமிக்குப் போன் போட்டு, "ஏய், நாயைக் கெட்டியா கட்டிப் போடு"ன்னாரு. அந்தப் பக்கத்துல இருந்து ஸ்பீக்கர்ல வந்துச்சி: "எந்த நாயைங்க? அண்ணன் போன் பண்ண ஒடனே சாக்குல கட்டி ஜீப்ல ஏத்திட்டேனே, இந்நேரம் மலை ஏறியிருக்கும்!"

மலை மேல விசாரணை

மறுநாளு விடிஞ்சதும் வேனை எடுத்தேன். சேகரு, லட்சுமி, ரெண்டு புள்ளைங்க. மலை வளைவுல வண்டி திரும்புறப்ப எல்லாம் லட்சுமி ஒரு ஜன்னல்ல இருந்து இன்னொரு ஜன்னலுக்குப் போயி "பன்னூ, பன்னூ"ன்னு காட்டைப் பாத்துக் கூப்புடுது. நேத்து சாக்கு வாயைக் கட்டின அதே கைதான். நாய் கெடைக்கலைன்னா அது நல்ல நாயா வெறி புடிச்சதான்னு தெரியாமலே பொண்ணு மூஞ்சை தெனம் பாத்துக்கினு இருக்கணும். அந்த நெனப்புதான் வண்டி பூரா ஒக்காந்திருந்துச்சி.

வெள்ளிமலையில ஜீப்காரன் எறக்கி வுட்டதா சொன்ன எடத்துல ஒரு டீக்கடை. "நேத்து சாக்குல ஒரு நாய் வந்துச்சாங்க, பன்னு கலரு?"ன்னு கேட்டேன். கடைக்காரரு டீ ஆத்துறதை நிறுத்திட்டு எங்க அஞ்சு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "கீழ இருந்து நாய் வந்துக்கினேதாங்க இருக்குது, அதைத் தேடிக்கினு ஆளு வந்ததை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சோத்து வரிசை

மலைப் புள்ளைங்க தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு அங்க இருக்குது, போயிப் பாருங்கன்னு அவரே கையைக் காட்டினாரு. நாங்க போன நேரம் காலைச் சோத்துக்கு மணி அடிச்சிருக்காங்க. பசங்க தட்டோட வரிசையா நிக்குறானுங்க. வரிசையில கடைசியா, தட்டு இல்லாம, வாலை மடிச்சி ஒக்காந்துக்கினு இருக்குது நம்ம ஆளு.

யாழினி கூப்புட்டுச்சி. பன்னு திரும்பிப் பாத்துச்சி, வாலை ஆட்டிச்சி, ஆனா வரிசையை வுட்டு வரல. அதோட பங்கு உப்புமா வர்ற வரைக்கும் அசையல. லட்சுமி அப்பிடியே தரையில ஒக்காந்து அழுவுது. அது சாப்புடுறதைப் பாத்துட்டுத்தான் சேகருக்கு மூச்சே வந்துச்சி. சமையல்காரம்மா கரண்டியோட வெளிய வந்து எங்களைப் பாத்து சொன்னாங்க: "உங்க நாயாங்க? நேத்து வந்துச்சி, அதுக்குள்ள லைன்ல நிக்கக் கத்துக்கிச்சி, இதுங்களுக்கு நான் ஒரு வருசமா கத்துறேன்."

ராஜ வைத்தியம்

அப்புறம் நடந்ததுதான் கூத்து. பன்னுவைக் கொட்டாயில கட்டி, சேகரு பக்கத்துலயே கட்டிலைப் போட்டுக்கினாரு. லட்சுமி அதுக்கு வேளைக்கு வேளை பால் சோறு, அவிச்ச முட்டை. காலையில நான் ஹாரன் அடிச்சா, வணக்கம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வேன்ல இருக்கிற புள்ளைங்க மொத்தமும் ஜன்னல்ல தலையை வுட்டுக்கினு கேக்கும், "பன்னு தண்ணி குடிச்சிச்சா?" உள்ள இருந்து சேகரு கட்டை வெரலைத் தூக்கிக் காட்டினாத்தான் நான் கியரைப் போடுவேன்.

இந்த மரியாதையெல்லாம் பாத்துக்கினு இருந்த யாழினி ஒரு நாளு படியில ஏறாம திரும்பி நின்னு அவங்க அம்மாவக் கேட்டுச்சி: "கடிச்ச அதுக்கு முட்டை, கடி வாங்கின எனக்கு ஊசி, இன்னாம்மா நாயம் இது?"

அன்னிக்கு வெரல் தூக்கல

பத்து நாளு கெடு முடியறதுக்கு ரெண்டு நாளு இருக்கும். காலையில ஹாரன் அடிச்சேன். சேகரு வெளிய வரல. லட்சுமி வாசப்படியில நின்னுக்கினு இருக்குது, மூஞ்சில ஈயாடல. "அண்ணே, தண்ணி வெச்சேன், மோந்துகூடப் பாக்காம திரும்பிக்கிச்சி"ன்னு சொல்லிச்சி. வேன்ல அத்தினி புள்ளைங்க இருந்தும் ஒரு சத்தம் இல்லைங்க. ஸ்கூல் வேன் ஓட்றவங்களுக்குத் தெரியும், அப்பிடி ஒரு அமைதி நம்ம வண்டியில வரவே வராது. யாழினி அது கைய அதுவே திருப்பித் திருப்பிப் பாத்துக்குது. நான் எறங்கி உள்ள போனேன். பன்னு கால நீட்டிப் படுத்திருக்குது. தண்ணிச் சட்டியைக் கிட்டத் தள்ளினேன். பாத்துச்சி, மூஞ்சைத் திருப்பிக்கிச்சி. சேகரு என் தோளைப் புடிச்சாரு பாருங்க, இன்னும் அந்த எடம் வலிக்குது.

அப்பதான் கவினு பூஸ்ட்டு டம்ளரோட உள்ள வந்தான். காலி டம்ளரு. நாய் மூக்குலயும் மீசையிலயும் பிரவுன் கலர்ல ஈரம். அதை நான் பாத்தேன், அவனும் நான் பாக்குறதைப் பாத்துட்டான். அடி விழுமோன்னு ரெண்டு அடி பின்னால போயி, ரொம்ப கவலையோட சொன்னான்: "அதுக்கு வவுறு ரொம்பிடுச்சி மாமா, என் பாலு, வூட்டுல இருந்த மோரு, எல்லாத்தையும் நான்தான் ஊத்தினேன், தண்ணிக்கு எங்க எடம்?"

அவனை அடிக்கத் தூக்குன கையாலேயே சேகரு அவனை இழுத்து அணைச்சிக்கினாரு. சாயங்காலம் நான் புள்ளைங்கள எறக்க வந்தப்ப பன்னு சட்டித் தண்ணியை நக்கிக்கினு இருந்துச்சி. அதைப் பாக்குறதுக்குன்னே வேன் பூரா எறங்கி நின்னுச்சி.

கெடு நல்லபடியா முடிஞ்சிது. பொண்ணுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி. பன்னுவுக்கும் ஊசி போட்டுடலாம்னு இன்னிக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கோம். அது வேற எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்குது, ஸ்கூல் வேனுன்னாத்தான் ஏறுது. சேகரு கயித்தைப் புடிச்சிருக்காரு, லட்சுமி கையில அவிச்ச முட்டை.

இருங்க, யாழினி வாசல்ல இருந்து கத்துது: "வேன் மாமா, சீக்கிரம் வாங்க, டாக்டரு ஊசியை எடுத்துட்டாரு, பன்னு டேபிளுக்கு அடியில பூந்துக்கிச்சி, நீங்க வந்து காலைப் புடிங்க!"

இதோ வரேம்மா. புள்ளைங்கள ஏத்தி எறக்கத்தான் எனக்கு லைசென்ஸ் குடுத்தாங்க, கூட இன்னா இன்னா ஏறும்னு அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலைங்க.