சந்தனம் வைத்த மோட்டார்

டில்லி கரோல் பாக்கில் கேக் மாமி என்று கேட்டால் பால்காரன்கூட வீட்டைக் காட்டுவான். சேஷுவின் மனைவி என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். சேஷு மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீஸ் நாற்காலியில் சிம்மம். வீட்டில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்க மாட்டார்.

மாமியின் பெயர் ருக்கு. அவளுக்கு கேக் போடச் சொல்லிக் கொடுத்தது கீழ் போர்ஷன் மிஸஸ் கன்னா. தன் பெண் ஜலஜாவின் பிறந்தநாளுக்காக விளையாட்டாய்க் கற்றுக்கொண்டது. ஜலஜா கல்யாணமாகி பம்பாய் போன பிறகும் ஆர்டர்கள் நிற்கவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், டிசம்பர் பிறந்தால் பிளம் கேக் என்று பஞ்சாபிக் குடும்பங்கள் படியேறி வந்துகொண்டே இருந்தன. பால்கனியில் கேக் சுட ஒரு வட்ட அலுமினிய அவன், ஒரு பேசின், ஒரு மரக்கரண்டி. அவ்வளவுதான் அவளுடைய பாக்டரி.

முட்டை பால்கனியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது சேஷு போட்ட சட்டம். முட்டையைத் தொட்டால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைக்கலாம். டில்லி ஜனவரிக்கும் அதே சட்டம்தான். ஆனால் அதே கேக்கை டப்பாவில் வைத்து ஜாயின்ட் செக்ரட்டரிக்குக் கொண்டுபோய் நீட்டும்போது மட்டும் ஆசாரம் குறுக்கே வந்து நிற்கவில்லை. ஆசாரத்துக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும் போலிருக்கிறது.

ஒரு கேக்குக்கு நாற்பது நிமிஷம் அடிக்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு முட்டையாகச் சேர்க்க வேண்டும். அது ஆனதும் குளித்துவிட்டு உள்ளே வந்தால் ஆட்டுக்கல் காத்திருக்கும். சேஷுவுக்கு வாரத்தில் நாலு நாள் இட்லி வேண்டும். கேக்குக்கும் இட்லிக்கும் ஒரே வலது தோள். எண்பத்தாறாம் வருஷம் ருக்குவுக்கு நாற்பத்தைந்து வயது நடந்தபோது அந்தத் தோள் போதும் என்று சொல்லிவிட்டது. டிஸ்பென்சரி டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாஜி, ஆராம் கரோ" என்றார். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் எழுதித் தரவில்லை.

அந்த வருஷ நவராத்திரி சமயத்தில் இருவரும் அஜ்மல் கான் ரோடில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மேஜைமேல் இரண்டை வைத்தார். ஒன்று மிக்ஸி. மற்றது புதிதாக வந்திருந்த ஃபுட் பிராசஸர். இரண்டையும் வாங்குவதற்கு வழியில்லை.

"மிக்ஸி போறும். சட்னி, மாவு எல்லாம் ஆயிடும்" என்றார் சேஷு.

"கேக்?"

"அதையும் அதுலயே சுத்தேன்."

ருக்கு மிஸஸ் கன்னாவின் மிக்ஸியில் ஒருமுறை சுற்றிப் பார்த்தவள். மைதாவைப் போட்டு அரை நிமிஷம் அதிகமாக ஓடிவிட்டது; வந்தது கேக்கில்லை, செருப்புத்தோல். மிக்ஸியின் பிளேடு வெட்டத்தான் செய்யும், நுரைக்கச் செய்யாது. பிராசஸரில் நுரைக்க அடிப்பதற்கென்றே தனி விஸ்க் இருந்தது, அகலமான கிண்ணம் இருந்தது, மாவு அரைக்க வேறு ஜாடி இருந்தது. கடைக்காரர் அதன் முதுகைத் தட்டி, "பெஹன்ஜி, ஏக் மோட்டர், சப் காம்!" என்றார். ஒரே மோட்டார், எல்லா வேலையும் ஆகும் என்றார். பாவம், வினையே அந்த ஒரே மோட்டாரில்தான் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"முட்டை சுத்தற மோட்டார்ல எப்படி இட்லிக்கு அரைக்கறது?" என்றார் சேஷு.

"ஜாடி வேற வேறதானேன்னா?"

"மோட்டார் ஒண்ணுதானே?"

ருக்கு கைப்பையைத் தடவிப் பார்த்தாள். கேக் விற்ற காசு அதில் இருந்தது. "இதுதான் வேணும். பால்கனியிலேயே இருக்கட்டும். மாவை நான் கல்லுல ஆட்டிக்கறேன்" என்றாள். கடையில் நின்று இதுதான் வேண்டும் என்று அவள் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. பாதி வலியாவது போகுமே என்ற கணக்கு.

அங்கேதான் தப்பு செய்தாள். மெஷின் வந்த அன்றே அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றியிருக்க வேண்டும். கை வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் சரஸ்வதி பூஜை. புது மெஷினை வெளியில் வைக்கலாமா என்று சேஷு அதைத் தூக்கிவந்து புஸ்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. மறுநாள், "நல்ல நாளும் அதுவுமா ஒரே ஒரு தடவை இட்லிக்குப் போட்டுப் பாரேன்" என்றார். அரைத்தாள். இட்லி பஞ்சாக வந்தது.

அதோடு சரி. மெஷின் சமையலறையில் குடியேறிவிட்டது. அடுத்த ஆர்டர் வந்தபோது ருக்கு அதைப் பால்கனிக்குத் தூக்கப் போனாள். சேஷு நியூஸ்பேப்பரைத் தாழ்த்தி, "சந்தனம் வெச்ச மோட்டார்ல முட்டையா?" என்று கேட்டார். அதட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஆட்டுக்கல் வேலை இல்லியோன்னோ இப்போ? அவளுக்கு ஜாலிதான்" என்று சேஷு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் சொன்னதிலும் பாதி நிஜம் இருந்தது. ஆனால் யாருடைய கேக் யாருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தது என்று நினைக்கும்போதெல்லாம் ருக்குவுக்கு நெஞ்சு எரிந்தது. எரிச்சலை வெளியே சொல்லவும் அசதியாக இருந்தது.

டிசம்பரில் பதினோரு பிளம் கேக்குக்கு ஆர்டர். நாலாவது கேக்கோடு கை போய்விட்டது. மறுநாள் ஒரு சனிக்கிழமை. காலையில் தலை பின்னக் கையைத் தூக்கினாள். கை காதுவரைகூட வரவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு விரித்த தலையோடு சமையலறைக்குப் போய், இடது கையால் மெஷினை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு ஓட்டிவிட்டு முதல் முட்டையை உடைத்தபோது சேஷு ஈரத் துண்டோடு வந்து நின்றார்.

"ருக்கு! என்ன பண்றே?"

அவள் இரண்டாவதை உடைத்தாள். மூன்றாவது. நாலாவது. ஸ்விட்சைத் தட்டினாள்.

நாலே நிமிஷம். மூடியைத் திறந்தால் உள்ளே வெளுத்து, நுரைத்து, கரண்டியில் எடுத்தால் பட்டு நாடா மாதிரி மடிந்து விழுந்தது. சந்தோஷம் வரும் என்று இருந்தாள். வந்தது கோபம். நாலு நிமிஷத்து வேலைக்கா இத்தனை வருஷம் இந்தக் கையைக் கொடுத்தேன், வாங்கி வைத்த பிறகும் இரண்டு மாசம் கொடுத்தேனே என்று தன் மேலேயே கோபம். பால்கனித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அலுமினிய அவன் சூடேறியிருந்ததால் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து மைதாவைக் கலந்தாள்.

"இனிமே அதை உள்ளே எடுத்துண்டு வர முடியாது" என்றார் சேஷு.

"தெரியும்."

"மாவு?"

"கல்லு இருக்கு."

"யார் ஆட்டறது?"

"யாருக்கு இட்லி வேணுமோ அவா ஆட்டிக்கட்டும். என்னால முடியலை. நிஜமாவே முடியலை."

சேஷுவின் துண்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டைப் பிழிந்துகொண்டு உள்ளே போனார்.

மத்தியானத்துக்குள் மூன்று கேக் ஆகிவிட்டது. ருக்கு வெந்நீரில் குளித்துவிட்டு வந்து படுத்தாள். கண் அசரும்போது நிலைப்படியில் நிழல் தட்டியது. சேஷு கையில் அரிசி அளக்கிற ஆழாக்கோடு நின்றார். இருபத்தாறு வருஷமாக அவள் கையால் இட்லி தின்ற மனுஷர்.

"ருக்கு, அரிசி எத்தனை நாழி ஊறணும்?"

"நாலு மணி நேரம்" என்றாள். "உளுந்து தனியா."

எழுந்து போய்க் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று உடம்பு பழக்கத்தில் ஒரு தரம் அசைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, வலது கையைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.