சாவி அட்டை உள்ளே, நான் வெளியே

கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் மகன் எங்களைத் தங்க வைத்தான். விடிந்ததும் அவன் கடலைப் பார்க்கப் போனான். நான் எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூர் பழக்கத்தில், அறை வாசலைத் தெளிக்கச் சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே சர்க்கரை நோயாளியான என் வீட்டுக்காரர் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய் வரவேற்பில் இருந்தவனிடம் சொன்னேன். அவன் என் புடவையையும் சொம்பையும் பார்த்துவிட்டு, “வேலைக்கு வந்தவங்க பின்பக்கமா போங்கம்மா” என்றான்.

அதிர்ந்து பேசியே அறியாதவள் நான். “எங்க வூட்டுக்காரர் உள்ள வுழுந்து கெடக்கறாரு, நீ என் பொடவைய பாத்துக்கினு நிக்கற. வந்து கதவைத் தொறடா” என்று கத்தினேன்.

திறந்தான். சர்க்கரை அளவு இறங்கி அரை மயக்கத்தில் இருந்தவர், சர்க்கரை கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தார். “சாரி பாட்டி” என்றான் அவன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் எங்கே தங்கினாலும் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வாசல் தெளிக்கிறேன். பேச வேண்டியதை முதல் தடவையே சத்தமாகப் பேசிவிடுகிறேன்.