அக்கா மறுத்த மலை

இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அக்காவும் நானும் ஒன்றாகக் கொழுந்து பறித்தோம். அந்த வாரம் மழை விடவேயில்லை. காலையில் மலையேறியபோது, மேட்டில் நிலம் நீளமாக வெடித்திருந்ததை அக்காதான் முதலில் கண்டாள்.

"மண்ணு பொளந்து கெடக்குங்க. இன்னைக்கு வேற மலைக்குப் போறோம்," என்று வேலை வாங்கும் கங்காணியிடம் சொன்னாள்.

"தொரை சொன்ன மலை இதுதான். முடியாட்டி லயத்துக்குப் போ. பேரு போட மாட்டேன்."

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரையில் இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி அவளுக்குப் பின்னால் போனாள். எனக்குக் கிடைத்தது மறுகோடி நிரை. கொஞ்ச நேரத்தில், லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பினேன். அவர்கள் நின்ற இடத்தில் செடிகள் இல்லை, சிவப்பு மண்தான் கிடந்தது.

ஆண்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். நான் கையால் தோண்டினேன். வெளியே எடுத்தபோது இருவருக்கும் மூச்சில்லை. கூடைக் கயிறு அக்காவின் தலையிலேயே இருந்தது.

செத்தவர்கள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்று பொலிஸ்காரர் கேட்டார். அக்கா பிறந்தது நாங்கள் குடியிருந்த அதே லயத்து வீட்டில். ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று எங்களில் யாருக்கும் பிரஜாவுரிமை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அந்தப் பெண்கள் தாங்களாகவே அங்கே போனார்கள் என்றது நிர்வாகம்.

அதைக் கேட்டதும் பெண்கள் இரண்டு உடல்களையும் தூக்கிக்கொண்டுபோய்த் தொழிற்சாலை வாசலில் கிடத்தினார்கள். அடக்கம் முடிந்த பிறகும் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை நின்றது. கொழுந்து முற்றியது. லயத்தில் அடுப்புகள் அணைந்து கிடந்தன. கடைசியில் தோட்டத்தை நடத்திய துரை இறங்கிவந்தார். ஆபத்தான மலையில் இறங்க மறுக்கலாம், மறுத்தவரின் பேரை வெட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டார். பக்கத்துத் தோட்டங்களும் மெல்ல மெல்ல அதை ஏற்றுக்கொண்டன.

தொழிற்சங்கத் தலைவர் அதை உரக்க வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவின் கணவர், என் அத்தான், தலை நிமிரவில்லை.

"அவ வாயால சொன்னதத்தானே இப்ப எழுதிக் குடுத்திருக்காங்க," என்றார்.

பிறகு, பிரஜாவுரிமை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியபோது அவரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். நான் தோட்டத்திலேயே இருந்தேன். அடுத்த மழையில் அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று சொன்னோம். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு மலையைக் காட்டினார். அவ்வளவுதான். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். நான் அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அன்றைக்கும் இப்படி ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.