நாலு விரல் இடைவெளி

முதலில் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை மடக்குவார். பிறகு வலது பக்கக் கண்ணாடி. அடுத்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து தீயணைப்பு வீரர்களுக்கும் ஒரே உத்தரவு: "யாரும் வாயத் திறக்காதீங்க." நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்த களைப்பில் அவர்கள் ஏற்கெனவே பேச்சுமூச்சில்லாமல்தான் கிடப்பார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் வழியே தலையை நீட்டி, வாசல் தூணை ஒரு முறை முறைப்பார். அப்புறம் பதின்மூன்று டன் வண்டி பின்பக்கமாக நகர்ந்து, ஒரே மூச்சில் கொட்டகைக்குள் போய் நிற்கும். வாசலைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஐந்தாவது விரலுக்கு இடமில்லை.

அதனால்தான் தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு 'நாலுவிரல் அக்கா' என்று பேர். மாற்றலாகி வருகிறவர்கள் பேரைக் கேட்டதும் நைசாக அவருடைய கையை எட்டிப் பார்ப்பார்கள். "எண்ணிப் பாத்துக்கோ தம்பி, பத்தும் பத்திரமா இருக்கு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். நாற்பத்தேழு வயது. இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். லாரியில் கற்ற பழக்கங்கள் வீட்டிலும் விட்டபாடில்லை. மேசை இழுப்பறையைக்கூட மூடுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். கடையில் சாமான் தள்ளுவண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போவார். அவருடைய வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். "நான் மேலயும் கீழயும், இவ முன்னயும் பின்னயும். பக்கவாட்டுல போக எங்க வீட்ல ஆளில்ல" என்பார். வீட்டுக்காரரின் பழைய பனியன்களுக்கு இந்த வீட்டில் ஓய்வே கிடையாது. கிழிந்தவுடன் வண்டிக் கண்ணாடி துடைக்க வேலைக்குச் சேர்ந்துவிடும்.

வாசலின் இரண்டு தூண்களிலும் சிவப்புச் சாயம் தீற்றிக் கிடக்கும். இடுப்பு உயரத்தில் ஆழமாக ஒரு கீறல், தோள் உயரத்தில் மூன்று. யாராவது கேட்டால் அக்காவின் குரல் அரைப் படி உயர்ந்துவிடும். "அதெல்லாம் மத்தவங்க போட்ட கையெழுத்து. இதுல என் கையெழுத்து ஒண்ணுகூட கிடையாது." இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷமாக அது உண்மைதான்.

நிலையம் கட்டி அறுபது வருஷமாகிறது. அந்தக் காலத்து வண்டி ஒல்லி. வாசலும் அதற்கேற்ற அளவு. இப்போதைய வண்டியை உள்ளே நிறுத்திவிட்டால் சுவருக்கும் அதற்கும் நடுவே கதவைப் பாதிதான் திறக்கலாம். மணி அடித்தால் அக்கா மட்டும் ஒடுங்கி நுழைந்து, வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருவார். மற்ற ஐந்து பேரும் தெருவில் நின்று ஏறிக்கொள்வார்கள். அதற்கே நாற்பது விநாடி போய்விடும். எரிகிற வீட்டுக்குள் இருப்பவருக்கு நாற்பது விநாடி என்பது என்ன என்று இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்தால் போதுமா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று நகர மன்றம் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. போன மாதம் மன்றத்தின் பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். ஒழுகும் கூரையைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், கடைசியில் வாசலுக்கு வந்து நின்றார். "இதுக்குள்ள இவ்வளவு பெரிய வண்டி போகுமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை அக்காவிடமா கேட்பது! கண்ணாடிகள் மடங்கின. வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பொறியாளர் வாயைப் பிளந்தார்; நிலைய அதிகாரி கை தட்டினார். அன்றைக்கு அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி, மூன்றாம் தடவை நடித்தும் காட்டினார்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நிலைய அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தார். "வாசலின் அகலம் போதுமானது. வண்டி தடையின்றி உள்ளே செல்வது நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது. கூரையைச் செப்பனிட்டு, வர்ணம் பூசினால் போதும்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. தூணருகே போய் நின்று, கீறல்களைத் தடவிப் பார்த்தார். மற்றவர்கள் போட்ட அந்தக் கையெழுத்துகள்தான் இத்தனை நாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் பட்டது. பொய் சொன்னது தன்னுடைய கெட்டிக்காரத்தனம்.

முடிவெடுக்குமுன் மன்றத் தலைவியே செவ்வாய்க்கிழமை காலை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. பம்பு இயக்குகிறவர் அக்காவின் காதருகே வந்து யோசனை சொன்னார். "அக்கா, இந்தத் தடவ லேசா ஒரு இடி இடிச்சுடுங்க. கத முடிஞ்சுது."

"ஏண்டா, என் கையால நான் இடிக்கணுமா? அதுக்கு நீ என் கைய வெட்டிட்டுப் போ."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் அக்கா நிலைய அதிகாரியின் மேசைமேல் ஒரு தாளை வைத்தார். நாளைக்கு லீவு வேண்டுமாம். அதிகாரி தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"உங்களத்தான் ஓட்டிக் காட்டச் சொல்லலாம்னு இருந்தேனே?"

"நான் இருக்கிற அன்னைக்கு நம்ம நிலையம் எப்படின்னு ஒரு தடவ காட்டியாச்சு சார். நான் இல்லாத அன்னைக்கும் பாக்கட்டும். அதுவும் நம்ம நிலையம்தானே?"

அக்காவின் ஓய்வு நாட்களில் வண்டி எடுக்கும் மாற்று ஓட்டுநருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "எனக்கு வரலன்னு ஊருக்கே காட்டப்போறீங்களா அக்கா?" என்றார்.

"உனக்கு வரலன்னு யார் சொன்னா? நீ நல்ல டிரைவர். ஒரே ஒரு ஆளாலதான் முடியும்னா, அது வாசல் இல்ல தம்பி, வித்தை. நெருப்பணைக்கிற எடத்துல வித்தை எதுக்கு?" சொல்லிவிட்டு அக்கா பனியன் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். ஒன்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்த வித்தை அல்லவா!

செவ்வாய்க்கிழமை லீவு போட்டவர் வீட்டில் இருக்க வேண்டியதுதானே? பத்து மணிக்கு நிலையத்துக்கு எதிர்ப்புறம், செருப்புக் கடை வாசலில் நின்றிருந்தார். சாதாரண உடையும் தோள்பையுமாக இருந்த அவரை அடையாளம் தெரியாமல் கடைக்காரர் அளவு கேட்டார்.

மாற்று ஓட்டுநர் கண்ணாடிகளை மடக்கினார். முதல் தடவை வண்டியின் வால் கோணியது. முன்னே வந்து, மறுபடி பின்னே. இடப்பக்கத் தூணுக்கு இரண்டு விரல், நிறுத்திவிட்டார். நல்ல ஓட்டுநர் என்பதால்தான் நிறுத்தினார். மூன்றாம் தடவைக்கு வண்டி தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்தன. மன்றத் தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

எதிர்ப்புறத்தில் அக்கா நடைபாதையின் விளிம்புக்கே வந்துவிட்டார். ஸ்டியரிங்கை இந்த நேரத்தில் எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று அவருடைய தோளுக்குத் தெரியும். வலது கை தானாகவே காற்றில் ஒடித்தது. இன்னும் கொஞ்சம். இப்போது நேராக்கு. இல்லை, தாமதம். கை அரித்தது என்றால் சும்மா இல்லை, தீப்பிடித்த மாதிரி அரித்தது.

பொறியாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அந்தம்மா எங்கே? அன்னைக்கு ஒரே தடவையில விட்டாங்களே! அவங்களக் கூப்பிடுங்க சார்."

தலைவி அவர் பக்கம் திரும்பினார். கையில் அந்த ரிப்போர்ட் இருந்தது. "அவங்க வந்தாத்தான் இந்த வாசல் போதும்னா, அத ஏன் இதுல எழுதல?"

பொறியாளர் கர்ச்சீப்பை நாலாக மடித்தார். அதற்குள் யாரோ எதிர்ப்புறத்தைப் பார்த்துவிட்டார்கள். "அதோ, அக்கா அங்கதான் நிக்கிறாங்க!" பஸ் ஓட்டுநர்கள் திரும்பினார்கள். பொறியாளர் இரண்டு கைகளையும் ஆட்டி, வாங்க வாங்க என்று கூப்பிட்டார். தலைவியும் பார்த்தார்.

அக்காவின் கால் நடைபாதையிலிருந்து ஒரு அடி இறங்கிவிட்டது. அப்புறம், இறங்கிய காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டார். வலது கையின் நாலு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலால் இறுக்கி, அந்தக் கையைத் தோள்பைக்குள் போட்டு மூடினார்.