அப்பாவின் முழங்கால்

முழங்காலைத் தட்டினால் கால் எவ்வளவு எழ வேண்டும் என்பதை நான் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வருடத்தில் படமாகப் படித்த நரம்புகளை இரண்டாம் வருடம் வார்டில், ஆள்மேல் தேடச் சொன்னார்கள். ஹாஸ்டலில் தோழிகளின் முழங்காலைத் தட்டிப் பார்த்தேன். ஒருத்தி கால் அசையவே இல்லை. இன்னொருத்தி கால் வேண்டாவெறுப்பாக ஆடி நின்றது. எனக்குத்தான் தட்டத் தெரியவில்லை என்று ரோஷம் வந்துவிட்டது. புது ரப்பர் சுத்தியல் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கரமனையில் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினேன். அப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, வேட்டியைச் சுருட்டச் சொல்லி, முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினேன். கால் துள்ளி என் கையில் இடித்தது.

"பாத்தியா, ரிட்டயர் ஆகப்போறவன் காலாக்கும்" என்றார் அப்பா. சர்க்கார் ஆபீஸில் அவருக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. அவருக்குப் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை.

நோயைப் பார்ப்பதற்கு முன்னால் நூறு நார்மலைப் பாருங்கள் என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார். நான் அப்பாவை மட்டும் வாரா வாரம் பார்த்தேன். இதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை, சிரத்தையாகத் தெரிந்தது.

நரம்பு நோய்களைப் படிக்கும்போது மாணவர்களுக்கு எல்லா நோயும் தங்களுக்கே இருப்பதாகத் தோன்றும். எனக்கும் வந்தது அந்தப் பயம். அப்பாவின் காலைப் பார்த்த கண்ணுக்கு என் கால் செத்த கால் மாதிரி இருந்தது. என் நரம்புகள் பட்டுப்போகின்றன என்று முடிவு கட்டி, ஒரு வாரம் ஊக்கால் பாதத்தைக் குத்திக் குத்திப் பார்த்தேன். அறைத்தோழியின் காலும் என் காலைப் போலவே இருந்ததால் அவளுக்கும் சேர்த்துப் பயந்தேன். அப்பாவுக்காக ஒரு நாள்கூடப் பயப்படவில்லை.

இத்தனைக்கும் பாடம் எனக்குத் தெரியும். முழங்காலைத் தட்டும்போது செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்பிவிடுகிறது. மூளை மேலே இருந்துகொண்டு கடிவாளத்தை மட்டும் பிடித்திருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் கெட்டால் பிடி தளர்ந்து கால் அளவுக்கு மீறித் துள்ளும். அது பலமல்ல. பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

காலையில் சந்தியாவந்தனத்துக்கு அப்பா உள்ளங்கையைக் குவித்து எடுக்கும் நீர் உதட்டுக்குப் போவதற்குள் ஒழுகிப்போக ஆரம்பித்தது. "கையில ஓட்டை விழுந்துடுத்தாப்பா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். கட்டைவிரலுக்கு அடியில் இருக்க வேண்டிய சதைமேடு தட்டையாகக் கிடந்தது. வயசு என்று விட்டுவிட்டேன். என் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் நன்றாகத்தான் பிடித்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் கேட்பார்: "அப்போ கொழப்பம் ஒண்ணும் இல்லையே?"

"எல்லாம் நன்னா இருக்கு" என்று டாக்டர் குரலில் சொல்லுவேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வார்டில் வந்து சேர்ந்தாள். மலையாளம் பேசும் அந்த வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் என்று பேராசிரியை என்னை அவளிடம் அனுப்பினார்.

"கொழுந்து கிள்ள வெரலு ஒத்துழைக்க மாட்டேங்குது டாக்டரம்மா" என்று கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கு அடியில் தட்டை. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் முறைப்படி சோதித்து, கையில் சதை வற்றியிருக்கிறது, முழங்கால் நார்மல் என்று பேராசிரியையிடம் சொன்னேன்.

அவர் சுத்தியலை வாங்கித் தட்டினார். கால் துள்ளியது. நான் நன்றாக அறிந்த துள்ளல்.

"இதாணோ நார்மல்? நீ ஆருடெ முட்டில் கொட்டியா படிச்சது?" யார் முழங்காலைத் தட்டிப் படித்தாய் என்று மலையாளத்தில் கேட்டார்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "என்டெ அச்சன்டெ" என்றேன், என் அப்பாவுடையது என்று.

பேராசிரியை சிரிக்கவில்லை. என் தோழியை ஸ்டூலில் உட்கார வைத்துத் தட்டிக் காட்டினார். கால் சின்னதாக ஆடி நின்றது. எட்டு மாதமாக நான் குறை என்று நினைத்திருந்த ஆட்டம். பிறகு அந்த அம்மாளின் வாய்க்குள் டார்ச் அடித்தார். நாக்கை நீட்டச் சொல்லாதே, நீட்டினால் யார் நாக்கும் நடுங்கும், உள்ளே சும்மா கிடக்கும்போது பார் என்றார். அவள் நாக்கு சும்மா கிடக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்து நோயைச் சொன்னார். அசைவுக்கான நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். குணமாக்க மருந்தில்லை. மற்றவர்கள் போன பிறகு என் தோளைத் தொட்டு, "அச்சனெ ஒந்நு கொண்டு வா" என்றார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம், நான் தட்டுவதில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே" என்றார் அப்பா. ஆனாலும் சந்தோஷமாகக் கட்டிலில் உட்கார்ந்து வேட்டியைச் சுருட்டப் போனார்.

"கால் வேண்டாம்ப்பா. வாயைத் திறங்கோ. நாக்கை நீட்டாம சும்மா வெச்சுக்கோங்கோ."

டார்ச் அடித்தேன். பொங்கப் போகும் பாலின் ஏடு போல நாக்கின் மேல்பரப்பு அங்கங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. அவர் வாயைத் திறந்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருக்க அதுவரை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார்.

"சட்டைப் பொத்தான் போட முடியாம நாலஞ்சு மாசமாச்சு, கேட்டியா. உங்கம்மாதான் போட்டு விடறா. ஆபீஸ்ல எல்லாரும் டாக்டரைப் பாருங்கோன்னா. என் பொண்ணு வாரா வாரம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்து நன்னா இருக்குன்னு சொல்றா, வேற யாரைப் பாக்கணும்னு கேட்டுட்டேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.